சித்திரை வெயிலிலும் நிற்குமா உங்கள் ஓவர்க்ளாக்?

போன இதழில் பழைய கம்ப்யூட்டரை வேகப்படுத்துவது பற்றி எழுதும்போது ஓவர்க்ளாக் (கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் சிப்பை ஓட்டுவது) என்று போகிறபோக்கில் ஒரு வார்த்தை போட்டுவிட்டேன். அவ்வளவுதான், கோபியிலிருந்து கரூர் வரைக்கும் எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். சரி, இந்த முறை முழுக்க அதுவே. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடையதை மட்டும் எடுத்திருக்கிறேன், மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அண்ணா, வணக்கமுங்க. என்கிட்ட இருக்கறது ரைசன் 5 5600எக்ஸ், பி450 போர்டு, சிப்போட பெட்டியில வந்த கூலர். ஹாஸ்டல்ல ஃப்ரெண்டு சொன்னான்னு பயாஸில் (விண்டோஸுக்கு முன்னாடி வர்ற செட்டிங் திரை) எல்லா கோருக்கும் 4.7 ஜிகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட் வெச்சேன். சினிபெஞ்ச் டெஸ்ட் ஒரு தடவை ஓடி முடிஞ்சுது, ஸ்கோரும் ஏறுச்சு. ஆனா கேம் ஆடறப்ப ஒரு மணி நேரத்துல நீலத் திரை வந்துருது. வோல்டேஜை 1.4க்கு ஏத்தட்டுங்களா?
*கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர்*

ஏத்த வேண்டாம் தம்பி. முதலில் ஒரு கணக்குப் போடுவோம். சிப்பில் கிளம்புகிற சூடு ஏறக்குறைய வேகத்துக்கு நேர்விகிதம், வோல்டேஜுக்கோ அதன் வர்க்கத்துக்கு. உங்கள் சிப் தன் போக்கில் விட்டால் முழு லோடில் 4.4 ஜிகாஹெர்ட்ஸ், 1.2 வோல்ட் என்று ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதை 4.7, 1.35 ஆக்கினால் வேகம் கூடுவது 7 சதவீதம், சூடு கூடுவது 35 சதவீதம். 1.4க்குப் போனால் 45 சதவீதத்துக்கும் மேல். அந்தச் சின்ன கூலர் இதைத் தாங்காது, தாங்க வேண்டுமென்று யாரும் அதைச் செய்யவும் இல்லை. சூடு ஏற ஏற, அதே வேகத்தில் தப்பில்லாமல் ஓட சிப்புக்கு இன்னும் கொஞ்சம் வோல்டேஜ் தேவைப்படும், அதைக் கொடுத்தால் இன்னும் சூடு. உங்கள் நீலத் திரை இந்தச் சுழலில் எங்கோதான் இருக்கிறது.

எனவே எல்லாவற்றையும் ஸ்டாக்குக்கு, அதாவது கம்பெனி வைத்த செட்டிங்குக்கு, கொண்டுவாருங்கள், ராமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி உட்பட. ராமும் சிப்பும் ஒரே நேரத்தில் ஏறியிருந்தால் எது விழுந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. சூட்டைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து வைத்துக்கொண்டு சினிபெஞ்ச் ஆர்23-ஐப் பத்து நிமிட ஓட்டமாக விட்டு, ஸ்கோரையும் உச்சச் சூட்டையும் ஒரு பேப்பரில் எழுதுங்கள். உங்கள் சிப்புக்கு ஏஎம்டி சொல்லும் உச்ச வரம்பு 95 டிகிரி. ஸ்டாக்கிலேயே 85ஐத் தொட்டால் கூலரை மாற்றாமல் ஓவர்க்ளாக் பேச்சையே எடுக்காதீர்கள். கீழே இருந்தால் வோல்டேஜை 1.25 மாதிரி ஒரு இடத்தில் நிறுத்தி, 50 மெகாஹெர்ட்ஸாக ஏற்றிக்கொண்டே போய், எங்கே தப்பு வருகிறதோ அங்கிருந்து இரண்டு படி இறங்குங்கள். ஒன்று ஏன் போதாது என்றால், இந்த மெஷின் ஹாஸ்டலில் மட்டும் இருக்கப்போவதில்லை, சித்திரையில் வீட்டு மொட்டை மாடி ரூமிலும் ஓடியாக வேண்டும். நல்ல கூலர், சுமாரான கூலர் எல்லாமே அறைச் சூட்டுக்கு மேலேதான் நிற்கும். அறை பத்து டிகிரி ஏறினால் சிப்பும் ஏறத்தாழ பத்து டிகிரி ஏறும். ஆடிக் காற்று வீசுகிற நாளில் பாஸான செட்டிங் ஏப்ரல் மதியத்தில் ஃபெயிலாவது இதனால்தான். டெஸ்ட் பண்ணுகிறவர்கள் ராத்திரி பதினோரு மணிக்குப் பண்ணாமல், மதியம் இரண்டு மணிக்கு, ஏசி இருந்தால் அதையும் அணைத்துவிட்டுப் பண்ணுங்கள்.

எந்த டெஸ்ட்? வேகமாகத் தட்டிப் பார்க்க சினிபெஞ்ச். அடுத்து ப்ரைம்95-ல் ஸ்மால் எஃப்எஃப்டி, அப்புறம் ஓசிசிடி, இரண்டையும் மணிக்கணக்கில் விடுங்கள். ஒரு தடவை முடிந்தது என்பது எதையும் நிரூபிக்காது. போர்டில் லோடு லைன் காலிபரேஷன் என்று ஒரு செட்டிங் இருக்கும், லோடு விழும்போது வோல்டேஜ் இறங்குவதை அது ஈடுகட்டும். அதை உச்சத்தில் வைத்தால் லோடு சட்டென்று விலகும் கணத்தில் வோல்டேஜ் எகிறும். நடுவில் வையுங்கள், போதும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு என் சொந்த அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் சிப்பில் எல்லா கோரையும் ஒரே வேகத்தில் கட்டிப்போடுவதே வேண்டாத வேலை. பிபிஓவை (சிப் தானாக வேகம் ஏற இன்னும் இடம் கொடுக்கும் ஏஎம்டி செட்டிங்) ஆன் செய்து, கோர்களின் வோல்டேஜைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசரில் மைனஸ் 10 என்று ஆரம்பித்து மைனஸ் 15, 20 என்று மெல்ல இறங்குங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் 3 முதல் 5 மில்லிவோல்ட் குறையும், மிச்சமாகிற சூட்டைச் சிப் தானாகவே வேகமாக மாற்றிக்கொள்ளும், ஒரே கோர் வேலை செய்யும்போது கிடைக்கிற 4.6 பூஸ்ட்டும் கையைவிட்டுப் போகாது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. இந்த முறையில் வைத்த மெஷின் முழு லோடில் விழாது, சும்மா பிரவுசர் திறந்து வைத்திருக்கும்போது விழும். லோடு குறைவாக இருக்கும்போதுதான் ஒற்றைக் கோர் தன் உச்ச வேகத்துக்கு ஏறும், அங்கேதான் குறைத்த வோல்டேஜ் போதாமல் போகும். ப்ரைம்95-ஐ ராத்திரி முழுக்க ஓட்டிப் பாஸ் வாங்கிவிட்டு, காலையில் மெயில் பார்க்கும்போது ரீஸ்டார்ட் ஆகிறதே என்று தலையைச் சொறிகிறவர்கள் எல்லாம் இந்தக் கேஸ்தான். கோர்சைக்ளர் என்று இலவசமாக ஒன்று கிடைக்கிறது, ஒவ்வொரு கோராக எடுத்துச் சோதிக்கும், அதைப் போடுங்கள்.

பயாஸில் எதையோ மாத்திட்டேனுங்க. இப்ப ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரமாட்டேங்குது. சிப்பு போயிருச்சா?
*பெருந்துறை வாசகர்*

பெரும்பாலும் போயிருக்காது. பிளக்கைப் பிடுங்குங்கள். போர்டில் சிமாஸ் கிளியர் ஜம்பர் (பயாஸ் செட்டிங்கை அழிக்கும் பின்கள்) இருந்தால் மேனுவலில் சொன்னபடி அதைத் தொட்டெடுங்கள், இல்லையென்றால் அந்த ரூபாய்க் காசு மாதிரி இருக்கிற சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் வைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். எல்லாம் ஸ்டாக்குக்கு வந்துவிடும். அடுத்த முறை மாற்றுவதற்கு முன்னால் திரையை மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பனியன் கம்பெனிகளுக்கு பிரிண்ட் டிசைன் செஞ்சு தர்றேனுங்க. இன்டெல் ஐ7, கே சிப்பு, இசட் போர்டு (ஓவர்க்ளாக் பண்ண விடற வகை). வாங்கின புதுசுல 5 ஜிகாஹெர்ட்ஸ் வெச்சுக் கொடுத்தாங்க, நல்லா ஓடுச்சு. இப்ப மத்தியானம் ஆனா பெரிய ஃபைல் சேவ் பண்ணவே சாமி கும்பிட வேண்டியிருக்கு. வோல்டேஜ் ஏத்தினா சரியாகுமா?
*திருப்பூரிலிருந்து ஒரு டிசைனர்*

உங்கள் மெஷின் எந்த அறையில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் கட்டிங் டேபிளுக்கோ செக்கிங் பகுதிக்கோ பக்கத்தில்தான் இருக்கும் என்று பந்தயமே கட்டுவேன். கேபினட்டைத் திறந்து கூலரின் ஃபேனை மட்டும் கழற்றுங்கள். ஃபேனுக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில், வெளியிலிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாத இடத்தில், சாம்பல் நிறத்தில் பஞ்சு படிந்து மெத்தையாக நிற்கும். விரலால் ஒரு ஓரத்தைத் தூக்கினால் துணி மாதிரி முழுசாக உரிந்து வரும். மற்ற ஊர்த் தூசி பொடியாக இருக்கும், ஊதினால் போய்விடும். நம் ஊர்த் தூசி நூலிழை, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு காற்றையே அடைத்துவிடும். ஃபேன் என்னவோ சுற்றிக்கொண்டுதான் இருக்கும், காற்று மட்டும் உள்ளே போகாது.

காற்று போகாவிட்டால் சிப் 100 டிகிரியைத் தொடும், தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தை இறக்கும். 5 ஜிகாஹெர்ட்ஸ் வைத்த உங்கள் சிப் மதியத்தில் 3, 3.5 என்று ஓடிக்கொண்டிருக்கலாம், அதாவது ஓவர்க்ளாக்கே செய்யாத சிப்பைவிட மெதுவாக. இந்த நேரத்தில் வோல்டேஜை ஏற்றினால் இன்னும் இறங்கும்.

சுத்தம் பண்ணும்போது மெத்தையைக் கையால் எடுத்துவிட்டு மிச்சத்தை ப்ளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அது தறிகெட்டுச் சுற்றி பேரிங் போகும். பவர் சப்ளைக்குள்ளும் இதே பஞ்சு இருக்கும், ஆனால் அதைத் திறக்க வேண்டாம், உள்ளே கரண்ட் தங்கியிருக்கும், வெளியிலிருந்து ஊதினால் போதும். அப்புறம் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், கூலரைக் கழற்றிப் புதிதாகப் போடுங்கள். கேபினட்டின் முன்பக்கம் கழற்றித் தட்டுகிற மாதிரி வலை ஃபில்டர் போட்டு, வாரம் ஒரு முறை, சனிக்கிழமை சம்பளம் போடுகிற நேரத்தில் என்று வைத்துக்கொள்ளுங்களேன், தட்டிவிடுங்கள். இவ்வளவும் செய்துவிட்டு அதே 5-ல் முழு லோடு ஓட்டி, மதியத்தில் 90க்குக் கீழ் நின்றால் அப்படியே விடுங்கள். நிற்கவில்லையென்றால் 4.8க்கு இறங்கி வோல்டேஜையும் குறையுங்கள். ஃபைல் சேவாகிற நேரத்தில் உங்களுக்கு வித்தியாசமே தெரியாது.

தறிக் குடோனுக்குப் பக்கத்திலேயே வீடு. கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும்போதெல்லாம் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகுது. சில நேரம் கரண்ட் இருக்கறப்பவே ஆகுது. ஓவர்க்ளாக் பண்ணியிருக்கேன், அதனாலயா, இல்ல கரண்டாலயா?
*சோமனூர் வாசகர்*

இரண்டாலும் இருக்கலாம், பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. விண்டோஸில் ஈவென்ட் வியூவரைத் திறந்து சிஸ்டம் பகுதிக்குப் போங்கள். ரீஸ்டார்ட் ஆன நேரத்தில் கர்னல்-பவர் 41 மட்டும் இருந்தால், ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் மெஷின் நின்றது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. கரண்டும் காரணமாக இருக்கலாம். கூடவே டபிள்யூஹெச்இஏ-லாகர் என்ற பெயரில் 18 அல்லது 19 இருந்தால் பழி கரண்ட் மேல் இல்லை, உங்கள் ஓவர்க்ளாக் மேல்தான். 19 என்பது சிப் தானே திருத்திக்கொண்ட தப்பு, மெஷின் விழாமலேயே வரிசையாக வரும், அதைக் கண்டதுமே ஒரு படி இறங்கிவிட வேண்டும். 18 என்றால் திருத்த முடியாத அளவுக்குப் போய்விட்டது.

கரண்ட் பக்கத்துக்கு வருவோம். நல்ல பவர் சப்ளை முழு லோடில் ஏறக்குறைய 16, 17 மில்லிசெகண்ட் கரண்ட் இல்லாமல் தாக்குப்பிடிக்கும். நம் கரண்டின் ஒரு சுற்றே 20 மில்லிசெகண்ட், ஆக அது ஒரு சுற்றுக்கும் குறைவு. இன்வெர்ட்டரில் யூபிஎஸ் மோடு, நார்மல் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கும், நார்மலில் இருந்தால் மாறுவதற்கு அதிக நேரம் எடுக்கும், யூபிஎஸ் பக்கம் தள்ளுங்கள். லோடு குறைவாக இருந்தால் பவர் சப்ளை இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். சும்மா இருக்கும்போது தப்பிக்கிற மெஷின் வீடியோ ரெண்டர் ஓடும்போது விழுவது அதனால்தான், ஓவர்க்ளாக் அந்த லோடை இன்னும் ஏற்றும். கேபினட்டைத் தொட்டால் கை சுருக்கென்கிறதா? அப்படியென்றால் எர்த் இல்லை. ஓவர்க்ளாக்கை அப்புறம் பார்க்கலாம், முதலில் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

பையன் லிக்விட் கூலர் வேணும்னு ஒத்தைக் காலில் நிற்கிறான். ஆறு கோர் சிப்புதான். வாங்கித் தரலாமா?
*ஈரோட்டிலிருந்து ஒரு தந்தை*

வேண்டாங்க. தண்ணீர் வைத்துக் குளிர்விப்பதும் கடைசியில் உங்கள் அறைக் காற்றில்தான் சூட்டை விடும், ஈரோட்டு வெயிலை அதனால் மாற்ற முடியாது. ஆறு கோருக்கு நல்ல டவர் கூலர் தாராளம், அதில் கெட்டுப்போக ஃபேன் ஒன்றுதான் உண்டு. மிச்சப் பணத்தில் எஸ்எஸ்டி வாங்கிக் கொடுங்கள். இன்னொன்றும் பையனிடம் சொல்லிவையுங்கள், ஓவர்க்ளாக்கால் சிப் கெட்டால் வாரண்டியில் இன்டெல்லும் ஏஎம்டியும் பொறுப்பேற்பதில்லை, பிபிஓவும் அந்தக் கணக்கில்தான் வரும்.

அந்தக் காலத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். செலரான் 300ஏ வாங்கி 450-ல் ஓட்டினோம், கூலர் கூட மாற்றவில்லை. இப்போது 200 மெகாஹெர்ட்ஸ் ஏற்றவே இவ்வளவு பாடுபடுகிறார்களே, ஏன்?
*நாமக்கல்லிலிருந்து ஒரு மூத்த வாசகர்*

ஐயா, உங்கள் கடிதம் பார்த்து ரொம்ப சந்தோஷம். 1998-ல் வந்த அந்தச் சிப் 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸை (சிப்பும் போர்டும் பேசிக்கொள்ளும் பாதையின் வேகம்) நாலரையால் பெருக்கி 300-ல் ஓடியது. பஸ்ஸை 100 ஆக்கினால் அதே நாலரையில் 450, பாதிக்குப் பாதி லாபம். போர்டு ஒத்துக்கொள்ளாவிட்டால் ஸ்லாட்டில் ஒரு பின்னை டேப்பால் மறைத்து ஏமாற்றினார்கள். 2011-ல் வந்த ஐ5-2500கே கூட 3.3-லிருந்து 4.5க்குச் சாதாரணமாக ஏறியது. அப்போதெல்லாம் கம்பெனி சிப்பில் நிறைய இடம் மிச்சம் வைத்து விற்றது, அந்த இடத்தைத்தான் நாம் எடுத்துக்கொண்டோம்.

இப்போது அந்த இடத்தைக் கம்பெனியே எடுத்துக்கொள்கிறது. மேலே கோபித் தம்பியின் 5600எக்ஸை எடுங்கள், அடிப்படை வேகம் 3.7, பூஸ்ட் 4.6. சூடு, கரண்ட், எத்தனை கோர் வேலை செய்கிறது எல்லாவற்றையும் கணத்துக்குக் கணம் பார்த்து அதுவே தன்னை ஓவர்க்ளாக் செய்துகொள்கிறது. பெட்டியிலிருந்து வரும்போதே விளிம்பில் நிற்கிற சிப்பை நாம் இன்னும் தள்ளுகிறோம். அதனால்தான் இப்போது கெட்டிக்காரர்கள் வேகத்தை விட்டுவிட்டு வோல்டேஜைக் குறைப்பதில் இறங்கியிருக்கிறார்கள்.

ஐ5-12400, பி660 போர்டு. ஓவர்க்ளாக் ஆகுமா?
*கரூர் வாசகர்*

ஆகாது, வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கி எண் பூட்டியிருக்கிறது. ஆனால் இரண்டு காரியம் செய்யலாம். ராமில் எக்ஸ்எம்பியை ஆன் செய்யுங்கள், 3200 என்று காசு கொடுத்து வாங்கிய ராம் பல வீடுகளில் 2133லோ 2666லோ தூங்குகிறது. ஆன் செய்ததும் மெம்டெஸ்ட்86-ஐ ஒரு ராத்திரி ஓட்டிவிடுங்கள். அடுத்து பவர் லிமிட். உங்கள் சிப்புக்கு இன்டெல் போட்டிருக்கும் அடிப்படை 65 வாட், டர்போவில் 117 வாட். போர்டு இடம் கொடுத்தால் நீண்ட நேர லிமிட்டையும் 117 ஆக்குங்கள், பெரிய வேலைகளில் வேகம் இறங்காது. பெட்டியோடு வந்த கூலரை வைத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள், அதுவும் பரமத்தி வெயில் பேப்பரில் வருகிற ஊர்ப் பக்கத்தில் இருந்துகொண்டு.

ஐ7-14700கே வாங்கியிருக்கேன். அந்தத் தலைமுறைச் சிப்பெல்லாம் கெட்டுப்போகுதுன்னு சொல்றாங்களே, ஓவர்க்ளாக் பண்ணலாமா?
*பொள்ளாச்சி வாசகர்*

முதலில் பயாஸை அப்டேட் பண்ணுங்கள், மற்றதெல்லாம் பிறகு. 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகள் சில தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கி, நாளாக நாளாகத் தேய்ந்து, முன்பு ஓடிய வேகத்தில் ஓட முடியாமல் போயின. 2024 ஆகஸ்டில் 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோடும் (பயாஸ் வழியாகச் சிப்புக்கு வரும் திருத்தம்), அடுத்த மாதம் 0எக்ஸ்12பி-யும் வந்தன. வாரண்டியையும் இன்டெல் இரண்டு வருடம் நீட்டியது. ஏற்கெனவே தேய்ந்த சிப்பை அப்டேட் சரிசெய்யாது. கேம் திறக்கும்போது வீடியோ மெமரி போதவில்லை என்று வருகிறதா? கிராஃபிக்ஸ் கார்டு நன்றாக இருந்தும் இப்படி வந்தால் சந்தேகப்பட வேண்டியது சிப்பைத்தான், வாரண்டியில் கேளுங்கள். எந்தத் தொல்லையும் இல்லையென்றால் பயாஸில் இன்டெல் டீஃபால்ட் என்பதை வைத்து, 253 வாட் லிமிட்டோடு அப்படியே ஓட்டுங்கள். இந்தச் சிப்பை நானாக இருந்தால் ஏற்ற மாட்டேன்.

பம்ப் கம்பெனியில் டிசைன் பார்க்கிறேன். ஃப்ளோ சிமுலேஷன் ஒன்று ஓட ராத்திரி முழுக்க ஆகிறது. ஆபீஸ் மெஷினை ஓவர்க்ளாக் செய்தால் சீக்கிரம் முடியுமே? என் வீட்டு மெஷின் அப்படித்தான் ஓடுகிறது, ஹேங் ஆனதே இல்லை.
*கோவை பீளமேட்டிலிருந்து ஒரு இன்ஜினியர்*

ஹேங் ஆகவில்லை என்பதும் சரியாகக் கணக்குப் போடுகிறது என்பதும் ஒன்றல்ல. ப்ரைம்95-ஐ ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். அது சிப்பைச் சோதிப்பதற்காகப் பிறந்த சாஃப்ட்வேரே இல்லை. மெர்சென் பகா எண்களைத் தேடுவதற்காக ஜார்ஜ் வோல்ட்மன் 1996-ல் ஆரம்பித்த திட்டத்துக்கானது. ஒரே எண்ணை நாள்கணக்கில் கணக்கிட வேண்டியிருப்பதால், நடுவில் ஒரு தப்பு விழுந்தாலும் எல்லாம் வீண். அதனால் போகிற வழியிலேயே தன் கணக்கைத் தானே சரிபார்த்துக்கொள்கிற மாதிரி எழுதினார்கள். விளிம்பில் நிற்கிற மெஷினில் அதை ஓட்டினால் என்ன நடக்கும் தெரியுமா? நீலத் திரை எதுவும் வராது. மவுஸ் நகரும், பாட்டு ஓடும். தனித்தனியாக ஓடும் எட்டுக் கணக்கு வரிசையில் ஒரு வரிசை மட்டும் நின்று, ரவுண்டிங் 0.5 வந்தது, 0.4க்குக் கீழே எதிர்பார்த்தேன் என்று ஒரு வரி எழுதிவிட்டுச் சும்மா இருக்கும். தப்பு நடந்துவிட்டது, மெஷின் அதைப் பற்றிக் கவலையே படவில்லை.

உங்கள் சிமுலேஷன் ஒவ்வொரு படியிலும் அப்படித் தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும் என்று நம்ப இடமில்லை. ஒரு இலக்கம் புரண்டால் ஒன்று கணக்கு ஒருங்காமல் வெடிக்கும், அதுகூடப் பரவாயில்லை, தெரிந்துவிடும். இல்லையென்றால் பார்க்க அழகான, தப்பான பிரஷர் படம் ஒன்று வரும், அதை வைத்து இம்பெல்லர் வார்ப்புக்குப் போகும். இரண்டு தடவை ஓட்டி ஒப்பிடலாமே என்பீர்கள். பல கோரில் பிரித்து ஓடும்போது கூட்டுகிற வரிசை மாறுவதால் கடைசி இலக்கங்கள் ஸ்டாக் மெஷினிலேயே கொஞ்சம் மாறும், அதிலிருந்து இதைப் பிரித்தறிவது லேசில்லை.

வீட்டில் கேமுக்கு நீங்கள் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் மெஷின் ஸ்டாக்கில் இருக்கட்டும். தவிர, ஃப்ளோ கணக்குகள் பெரும்பாலும் சிப்பின் வேகத்துக்காகக் காத்திருப்பதில்லை, ராமிலிருந்து டேட்டா வரத்தான் காத்திருக்கும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியைத் திறந்து எத்தனை ஸ்லாட்டில் ராம் இருக்கிறது என்று பாருங்கள். நாலில் ஒன்று என்று இருந்தால் இரண்டு சேனலில் ஒன்று சும்மா கிடக்கிறது. அதே வகையில் இன்னொரு ராம் வாங்கித் தரச் சொல்லி ஓனரிடம் கேளுங்கள், ஓவர்க்ளாக்குக்கு அனுமதி வாங்குவதைவிட அது சுலபம்.